ஸ்பானிஷ் உச்சரிப்பு: ஸ்பெயினா, மெக்சிகோவா, புவனோஸ் ஐரஸா, எதுல ஆரம்பிக்கிறது?

ஸ்பானிஷ் கத்துக்கலாம்னு உக்காந்தா முதல் நாளே வர்ற குழப்பம் கிராமர் இல்ல, உச்சரிப்புதான். ஒரு வீடியோல நன்றிக்கு க்ராஸியாஸ்னு சொல்றாங்க, அடுத்த வீடியோல நாக்கை பல்லுக்கு நடுவுல வச்சு க்ராதியாஸ் மாதிரி ஏதோ சொல்றாங்க, ஒருத்தர் தெருவை காயேங்கிறார், இன்னொருத்தர் காஷேங்கிறார், கமெண்ட்ல போய் எது சரின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லி சண்டை போடுறாங்க. எல்லாமே சரிதாங்க. ஸ்பானிஷ் 20 நாட்டுல அரசு நடத்துற மொழி, 1713ல மாட்ரிட்ல ஆரம்பிச்ச, ஸ்பானிஷ் மொழியை கவனிச்சுக்கற ராயல் அகாடமி கூட இன்னைக்கு தனியா உக்காந்து எதையும் முடிவு பண்றதில்ல, மத்த நாட்டு அகாடமிகளோட சேர்ந்துதான் இலக்கணம், எழுத்து விதி எல்லாம் வெளியிடுறாங்க. அதனால எது சரிங்கிற கேள்வியை விட்டுட்டு எனக்கு எது ஒத்துவரும்னு பாக்கறதுதான் உருப்படியான வழி.

என் முடிவை முன்னாடியே சொல்லிடறேன். குறிப்பிட்ட ஊரோ ஆளோ மனசுல இல்லன்னா மெக்சிகோ சிட்டி பேச்சு, இல்லன்னா கொலம்பியா தலைநகர் போகோத்தா பேச்சை வச்சு ஆரம்பிங்க. ஸ்பெயினுக்கு படிக்கவோ வேலைக்கோ போறது உறுதின்னா ஸ்பெயின் உச்சரிப்பு. அர்ஜென்டினா, உருகுவே பக்கம் ஆளுங்க இருந்தா மட்டும் புவனோஸ் ஐரஸ் ஸ்டைல். ஆனா இந்த மூணுக்கும் நடுவுல நிஜமா மாறுறது ரொம்ப கொஞ்சம் எழுத்துதான், மிச்சமெல்லாம் பொது, நம்ம தமிழ் நாக்கு தடுமாறுறதும் ஜெயிக்கிறதும் அந்த பொதுவான இடத்துலதான். அதனால கட்டுரையோட ரெண்டாவது பாதியை தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணாதீங்க.

முதல்ல எழுத்து வரிசை. மொத்தம் 27, அதாவது இங்கிலீஷ்ல இருக்கற 26 எழுத்து, கூட தலைமேல கோடு போட்ட என், அதோட பேர் எஞே, சத்தம் நம்ம ஞ மாதிரி. பழைய புக்குல 29னு பாத்தா பயப்பட வேணாம், ஸி-ஹெச் சேர்ந்த ச்சேவையும் டபுள் எல்லையும் அப்ப தனி எழுத்தா எண்ணினாங்க, டிக்ஷனரில கூட அதுக்குன்னு தனி பகுதியே இருக்கும். 1994ல அகாடமிகள் சேர்ந்து அகரவரிசைல அதை தனியா வைக்க வேணாம்னு முடிவு பண்ணாங்க, 2010ல வந்த எழுத்து விதி புக்குல எழுத்து பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. அதே 2010ல எழுத்தோட பேரையும் எல்லா நாட்டுக்கும் ஒண்ணா வச்சுக்கலாம்னு பரிந்துரை பண்ணாங்க, ஆனா ஜனங்க பழசை விடல. பி, வி ரெண்டுக்கும் ஸ்பானிஷ்ல ஒரே சத்தம், அதனால அமெரிக்க கண்டத்துல ரெண்டு எழுத்தோட பேரும் காதுக்கு பேன்னுதான் விழும், எந்த பேன்னு சொல்றதுக்கு அர்ஜென்டினால லார்கா, கோர்த்தான்னு நீளம் குட்டை சேத்துக்கறாங்க, மெக்சிகோல க்ராந்தே, சீக்கான்னு பெருசு சின்னது சேத்துக்கறாங்க. ஸ்பெயின்ல வியை ஊவேன்னு சொல்றதால இந்த தொல்லையே இல்ல, இந்த ஒரு விஷயத்துல ஸ்பெயின் பேர்தான் வசதி.

எழுத்து பேரெல்லாம் எதுக்கு, சத்தம் தெரிஞ்சா போதாதான்னு கேக்கறவங்களுக்கு, ஃபோன்ல உங்க பேரை ஸ்பெல் பண்ணி சொல்ல வேண்டி வரும்போது இது வேணும். விஜய்னு ஒருத்தர் இருக்கார்னு வைங்க, அவர் இங்கிலீஷ்ல எழுதற மாதிரியே எழுதி கொடுத்தா அங்க பிஹாய்னுதான் படிப்பாங்க, வி பி ஆயிடும், ஜே ஹ ஆயிடும். வாயால சொல்லணும்னா ஊவே, ஈ, ஹோத்தா, ஆ, யே. உங்க பேருக்கு இதை முதல் வாரமே பண்ணி வச்சுக்கங்க. 27 பேரையும் பாட்டா மனப்பாடம் பண்றதை விட இது சீக்கிரம் நிக்கும்.

இப்ப ஸ்பெயின் உச்சரிப்பு. இதுல தனியா தெரியறது ஸெட் எழுத்தும், ஈ (e), ஐ (i) எழுத்துக்கு முன்னாடி வர்ற ஸியும். நாம அது, இதுன்னு சொல்றப்ப நடுவுல ஒரு மெல்லிய த வருதே, நாக்கு பல்லை லேசா தொட்டும் தொடாம, அதுலேருந்து தொண்டை அதிர்வை எடுத்துட்டு வெறும் காத்தா விடுங்க, அந்த சத்தம்தான். நல்ல அழுத்தமான த போட்டா தப்பா போயிடும். இதனால என்ன லாபம்னா வீடுங்கிற காஸாவும் வேட்டைங்கிற காஸாவும் காதுல வேற வேறயா விழும், துணி தைக்கிறதும் சோறு வேகவைக்கிறதும் வேற வேறயா விழும், அதனால கேட்டதை எழுதறப்ப எஸ்ஸா ஸெட்டான்னு சந்தேகமே வராது. ஸ்பெல்லிங் சுத்தமா வரணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சாதாரண லாபம் இல்ல. நஷ்டம் என்னன்னா புதுசா ஒரு சத்தம் பழகணும், அது ஒவ்வொரு வாக்கியத்துலயும் வந்துட்டே இருக்கும், கூடவே ஜே எழுத்தை வடக்கு, நடு ஸ்பெயின்ல தொண்டை அடிலேருந்து கரகரன்னு எடுக்கறாங்க, நம்ம ஹ அங்க கொஞ்சம் சப்புன்னு இருக்கும், புரியாம போகாது ஆனா அந்த ஊர் வாசம் வராது.

ஒரு ராஜாவுக்கு நாக்கு குழறுச்சு, அவரைப் பாத்து நாடே அப்படி பேச ஆரம்பிச்சுதுன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு, நம்பாதீங்க. நாக்கு குழறலா இருந்தா எஸ்ஸும் சேந்துதானே குழறணும், அவங்க எஸ்ஸை தெளிவா ஸன்னே சொல்றாங்க, ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்காங்க அவ்வளவுதான். நடந்தது என்னன்னா தெற்குல செவியா பக்கம் ரெண்டு சத்தமும் ஒண்ணா கலந்துடுச்சு, 1503லேருந்து அமெரிக்க கண்டத்தோட வியாபாரம், கப்பல் போக்குவரத்து எல்லாத்தையும் நிர்வாகம் பண்ண ஆபீஸ் செவியாலதான் இருந்தது, ஆளுங்க அந்த வழியாத்தான் கப்பல் ஏறினாங்க, கானரி தீவுல நின்னு போனாங்க, அந்த தெற்கத்தி பேச்சுதான் கடல் தாண்டி போய் நிலைச்சது. இன்னைக்கும் கானரி தீவுல, தெற்கு ஸ்பெயின் ஆந்தலுசியால பல ஊர்ல ஸதான். அதனால ஸ்பெயின் உச்சரிப்புன்னு கோர்ஸ்ல சொல்றது முழு ஸ்பெயினும் இல்ல, இதை மனசுல வச்சுக்கங்க.

அடுத்து மெக்சிகோ, போகோத்தா. ரெண்டும் வேற வேற பேச்சுதான், ஆனா ஆரம்பிக்கிறவருக்கு ஒரே காரணத்துக்காக நல்லது: எஸ்ஸை முழுங்க மாட்டாங்க. ஸ்பானிஷ்ல பன்மைக்கும் எஸ், நீங்கிற வினைமுடிவுக்கும் எஸ், அது காதுல விழுந்தாதான் புதுசா கேக்கறவருக்கு வாக்கியம் பிடிபடும். இங்க ஸெட், ஸி, எஸ் மூணும் ஒரே ஸ, டபுள் எல்லும் ஒய்யும் ஒரே ய, ஆக நமக்கு தெரியாத சத்தம் கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. ஜேவும் மென்மை, போகோத்தால நம்ம ஹவே போதும். மெக்சிகோ ஜனத்தொகை 13 கோடி கிட்ட, ஸ்பானிஷ் பேசற நாட்டுலேயே பெருசு, டப்பிங் தொழில் பல வருஷமா மெக்சிகோ சிட்டிலதான் பெருசா நடக்குது, ஓடிடில லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் ஆடியோன்னு போட்டா பெரும்பாலும் அந்த ஜாடைதான் வரும், நமக்கு பயிற்சிக்கு மெட்டீரியல் பஞ்சமே இல்ல. டுயோலிங்கோ மாதிரி ஆப்கள்ல கேக்கறதும் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க உச்சரிப்புதான், புக்கு ஒண்ணு வாய் ஒண்ணுன்னு இழுபறி இருக்காது.

குறைன்னு பாத்தா ஸ்பெல்லிங். வேகவைக்கறதும் தைக்கிறதும் ஒரே சத்தமா இருக்கறதால அங்கத்து ஜனங்களே சமையலுக்கு வேற வார்த்தை, கோஸினார்னு, எடுத்து பயன்படுத்தறாங்க, பேச்சுல பிரச்சனை வராது, எழுதறப்ப வரும், அதுக்கு நிறைய படிக்கறது ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு மெக்சிகோல எக்ஸ் எழுத்து. நாட்டு பேரையே அவங்க மெஹிக்கோன்னுதான் சொல்றாங்க, ஓஹாக்கா ஊர் பேர்லயும் எக்ஸ்தான் ஆனா ஹ, தோட்டப்படகு ஓடற ஸோச்சிமில்கோல அதே எக்ஸ் ஸ ஆகுது, எக்ஸாமென்ல சாதாரண க்ஸ. ஊர் பேரெல்லாம் நாவாத்ல் மாதிரி பழைய மொழிகள்லேருந்து வந்தது, விதி தேடாதீங்க, ஒவ்வொண்ணா கேட்டு வச்சுக்கங்க. மெக்சிகோ சிட்டில அழுத்தம் இல்லாத உயிரெழுத்தை எஸ் பக்கத்துல கடிச்சு பேசறதும் உண்டு, அது உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா போகோத்தாவை எடுத்துக்கங்க. போகோத்தால நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் கூட உஸ்தேத்னு மரியாதையா பேசிக்கறது சகஜம், வாங்க போங்கன்னு பேசி பழகினவங்களுக்கு அது ரொம்ப இயல்பா படும்.

புவனோஸ் ஐரஸ், உருகுவே தலைநகர் மோன்தேவிதேயோ பேச்சு தனி அழகு, எனக்கு கேக்க ரொம்ப பிடிச்சது இதுதான். டபுள் எல்லும் ஒய்யும் ஷ ஆகுது. என் பேர் இன்னதுன்னு சொல்ல மெக்சிகோல யோ மே யாமோ, இங்க ஷோ மே ஷாமோ. மெஸ்ஸி பேட்டி கேட்டவங்களுக்கு இது பழக்கமா இருக்கும், அவர் ரொஸாரியோக்காரர், 13 வயசுல பார்சலோனா போய் பல வருஷம் அங்க இருந்தும் பேச்சு மாறவே இல்ல. இத்தாலிலேருந்து லட்சக்கணக்குல ஜனங்க வந்து குடியேறின ஊர், பேச்சோட ராகத்துல அது தெரியும். ஆனா ஆரம்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன், காரணம் ஷ இல்ல, ஷ நமக்கு சுலபம். நீங்கிறதுக்கு இங்க வோஸ் (சொல்றது போஸ்னு), அதுக்கு வினைச்சொல் முடிவும் அழுத்தமும் வேற, உங்க புக்கு ஆப் பெரும்பாலும் அதை சரியா சொல்லித்தராது, மெய்யெழுத்துக்கு முன்னாடி வர்ற எஸ்ஸும் ஹ மாதிரி தேஞ்சுடும், எஸ்தோங்கிறது எஹ்தோ ஆகும். அர்ஜென்டினா முழுக்க இப்படியும் இல்ல, வடகிழக்குல கொர்ரியெந்தேஸ் பக்கம் டபுள் எல்லை பழைய மாதிரி தனி சத்தமாவே வச்சிருக்காங்க. உங்க ப்ராஜெக்ட் டீமோ, கல்யாணம் பண்ணிக்கப் போறவரோ அந்த ஊரா இருந்தா தயங்காம இதையே எடுங்க, இல்லன்னா ரெண்டாம் வருஷம் காதுக்கு மட்டும் பழகுங்க.

கியூபா, புவேர்த்தோ ரிக்கோ, சிலே எல்லாம் எஸ்ஸை நிறைய விழுங்கற பேச்சு, வேகமும் அதிகம். வாய்க்கு இல்ல, காதுக்கு வச்சுக்கங்க.

பரீட்சை எழுதறவங்க கவலைப்பட வேணாம். ஸ்பானிஷ் திறமைக்கு சான்றிதழ் தர்ற தேலே பரீட்சைய நடத்தறது ஸ்பெயின் அரசோட இன்ஸ்தித்தூத்தோ ஸெர்வாந்தேஸ், டெல்லிலயும் அவங்களுக்கு சென்டர் இருக்கு, ஆனா ஸ்பெயின் உச்சரிப்புலதான் பேசணும்னு கட்டாயம் கிடையாது, லிஸனிங் பகுதில பல நாட்டு குரலும் வரும். ஒரு நாட்டு பேச்சை எடுத்தா பேசறப்ப அதுலயே நிக்கணும், அதுதான் முக்கியம். ஸெட்டுக்கு மாட்ரிட் சத்தம், ஒய்க்கு புவனோஸ் ஐரஸ் ஷன்னு கலந்து பேசினா கேக்கறவங்களுக்கு எங்கயோ உறுத்தும்.

இப்ப நம்ம நாக்கு. இதைப் பத்தி இங்கிலீஷ்காரங்களுக்காக எழுதின புக்குல ஒரு வரி கூட கிடைக்காது, அவங்க கஷ்டம் வேற நம்ம கஷ்டம் வேற. நமக்கு கிடைச்ச வரம் என்னன்னா ஸ்பானிஷ்ல டி (T), அதுக்கு அண்ணன் தம்பியான இன்னொரு டி (D) ரெண்டுமே பல்லை தொடற த-தாங்க, இங்கிலீஷ் மாதிரி ட இல்ல. டாகோ இல்ல, தாக்கோ. அப்புறம் உயிரெழுத்துக்கு நடுவுல வர்ற பி (B), டி (D), ஜி (G) மூணையும் ஸ்பானிஷ்காரங்க மெலிச்சு சொல்றாங்க, இங்கிலீஷ்காரங்க இதுக்கு மாசக்கணக்கா மல்லுக்கட்டறாங்க, நாம கோபம்னு சொல்றப்ப வர்ற ப, அதுன்னு சொல்றப்ப வர்ற த, மகன்னு சொல்றப்ப வர்ற க, மூணும் நம்ம வாய்ல ஏற்கனவே ரெடியா இருக்கு. எல்லாம்ங்கிற தோதோவை தமிழா நினைச்சு படிச்சுப் பாருங்க, முதல் த வல்லினமா, ரெண்டாவது மெல்லிசா, அப்படியே சரியா வரும். ஒண்ணுமில்லைங்கிற நாதாவும் அப்படித்தான்.

ஆனா அதே பழக்கம் காலை வாரியும் விடும். நடுவுல வல்லினமாவே நிக்க வேண்டிய இடத்துலயும் நம்ம நாக்கு மெலிச்சுடும். பாலாடைக்கு நாத்தா, ஆனா த்தன்னு அழுத்தி ரெட்டிக்கவும் கூடாது, சின்னதா வெட்டி விடணும், மெலிச்சுட்டீங்கன்னா ஒண்ணுமில்லைன்னு ஆயிடும். இதைவிட பெரிய இடம் ந், ம், ங்குக்கு அப்புறம். தமிழ்ல ந்த, ம்ப, ங்க எல்லாம் தானா மெலியும், பந்து, அம்பு, சங்கு. ஸ்பானிஷ்ல எவ்வளவுன்னு கேக்கறதும் எப்பன்னு கேக்கறதும் தமிழ்ல எழுதினா ரெண்டுமே குவாந்தோதான், எவ்வளவுக்கு வல்லின த, எப்பவுக்கு மெல்லிய த. கடைல விலை கேக்கப் போய் தேதி கேட்டா எப்படி இருக்கும். அஞ்சுங்கிற ஸிங்கோ, நேரம்ங்கிற தியெம்போ எல்லாத்துலயும் க, ப வல்லினம், இதுக்கு தினமும் சத்தமா பயிற்சி பண்ணியே ஆகணும்.

இன்னும் மூணு இடம் இருக்கு. நாம எ, ஏவுல ஆரம்பிக்கறப்ப முன்னாடி லேசா ஒரு ய், ஒ, ஓவுல ஒரு வ் சேத்துடறோம், எலியை யெலி, ஒண்ணை வொண்ணு, அதே மாதிரி ஓலாவை வோலான்னும் ஏல்லை யேல்னும் சொல்லிடுவோம், சுத்தமா வாயைத் திறந்து ஆரம்பிக்கணும். மெய்ல முடியற வார்த்தைக்கு பின்னாடி உ ஒட்டக்கூடாது, அப்லாரு இல்ல அப்லார். கடைசி ன்னை மூக்குல கரைக்கக்கூடாது, நாம அவன்னு சொல்றப்ப ன் பாதி கரைஞ்சு போயிடும், ஸ்பானிஷ்ல அந்த ன் போச்சுன்னா அவங்க பேசறாங்கங்கிறது அவர் பேசறார்னு ஆயிடும்.

அழுத்தம் அடுத்தது. உயிரெழுத்து, என், எஸ் இதுல முடிஞ்சா கடைசிக்கு முந்தின அசைல, மத்தது கடைசி அசைல, மீறினா எழுத்து மேல கோடு போட்டு காட்டிடுவாங்க. விதி இவ்வளவுதான், ஆனா தமிழ்ல அழுத்தத்தை வச்சு அர்த்தம் மாறாததால நம்ம காது அதை கவனிக்கவே கவனிக்காது. முன்னாடி அழுத்தி ஆப்லோன்னா நான் பேசறேன், பின்னாடி அழுத்தி அப்லோன்னா அவர் பேசினார்.

குறிப்பு எழுதறது தமிழ் எழுத்துலயா இல்ல இங்கிலீஷ் மாதிரி படிச்சு பழகறதாங்கிறது இன்னொரு வாதம். இங்கிலீஷ் வழியா போனா ட-வும் ஜ-வும் ஒட்டிக்கும், ஹோஸேயை ஜோஸ்னு படிப்பீங்க, ஸெட்டை இங்கிலீஷ் ஸெட் மாதிரி அதிர விடுவீங்க, அந்த சத்தம் ஸ்பானிஷ்ல தனி எழுத்தா கிடையவே கிடையாது. தமிழ்ல எழுதினா உயிரெழுத்தும் த-வும் ஞ-வும் அப்படியே வந்துடும், வல்லினமா நிக்குதா மெலியுதாங்கிறது மட்டும் தெரியாம போயிடும், குவாந்தோ மாதிரி. என் வழி, முதல் சில வாரம் ஸ்பானிஷ் ஸ்பெல்லிங்கை எழுதி பக்கத்துல தமிழ்ல குறிப்பு, வல்லினமா நிக்க வேண்டிய எழுத்துக்கு கீழ ஒரு கோடு, அப்புறம் தமிழ் குறிப்பை நிறுத்திடணும். ஸ்பானிஷ்ல எழுதினதை பாத்தா சத்தம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும், ரொம்ப நாள் ஊன்றுகோல் தேவைப்படாது.

கடைசியா ஆர். ஒத்தை ஆர் நம்ம ர, ரெட்டை ஆர் நாக்கு நுனி பல தடவை அடிக்கற அதிர்வு. வார்த்தை ஆரம்பத்துல ஒத்தையா எழுதினாலும் ரோஸா, ரோமா எல்லாம் அதிரணும், எல், என், எஸ்ஸுக்கு அப்புறமும் அப்படித்தான், என்ரீக்கேல வர்றது அந்த அதிர்வுதான். கன்னியாகுமரி பக்கம் ர, ற ரெண்டையும் இன்னும் பிரிச்சு பேசறவங்களுக்கு இது சட்டுனு வரும், மத்தவங்க மெட்ராஸ்ல வர்ற ட்ரவை இழுத்து இழுத்து சொல்லி அதுலேருந்து ட்டை கழட்டிப் பாருங்க. ஆனாங்கிற பேரோ, நாய்ங்கிற பேர்ரோ, விலை ஜாஸ்திங்கிற காரோ, கார்ங்கிற கார்ரோ, இந்த நாலையும் கலைச்சு வாய்ஸ் நோட்ல சொல்லி ஸ்பானிஷ் பேசறவர் யாருக்காவது அனுப்புங்க, எந்த வரிசைல சொன்னீங்கன்னு அவர் திருப்பி சரியா எழுதி அனுப்பணும். ஆப்ல பச்சை டிக் வந்துடுச்சுன்னு நம்பி விட்டுடாதீங்க, அது வாக்கியத்தை வச்சு யூகிச்சு பாஸ் போட்டிருக்கலாம், தனி வார்த்தையை மனுஷ காது கேட்டு பிரிச்சாதான் ஆர் வந்துடுச்சுன்னு அர்த்தம்.